நுரையீரலில் காணும் சிறு முடிச்சு: அது தீயதா, தீங்கற்றதா என எடைபோடும் முறை

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஆரணி வட்டாரத்திலுள்ள ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். வேலை முடியும் தறுவாயில் செயலாளர் ஒரு விண்ணப்பத்தை நம் முன் வைத்தார். ஐம்பத்திரண்டு வயதான ஓர் அங்கத்தினர், தம் சிக்கன நிதிச் சேமிப்பு முழுவதையும் உடனே திருப்பித் தரவேண்டும் என்று எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில், "நெஞ்சில் கட்டி. பிழைப்பது அரிது. மூத்த பெண்ணின் விவாகத்தை முடித்துவிட வேண்டும்" என்று கண்டிருந்தது.

அவரை அழைத்து விசாரித்தோம். இருமலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேன் அறிக்கையில், வலது நுரையீரலின் மேற்பகுதியில் 9 மில்லிமீட்டர் அளவுள்ள 'நாடியூல்' ஒன்று இருப்பதாகவும், அதில் சுண்ணாம்பு படிந்திருப்பதாகவும் எழுதியிருந்தது. புற்றுநோய் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அறிக்கையை அண்டை வீட்டார் ஒருவர் படித்துப் பொருள் சொன்னார், அவ்வளவே. அன்று முதல் இருபது நாட்களாக அவர் தறியில் உட்காரவில்லை. ஏற்றிய பாவு அப்படியே நின்றது.

அப்பொழுது சங்க இயக்குநர் ஒருவர், "2021-இல் கொரோனா வந்தபோது உமக்கு ஸ்கேன் எடுத்தார்களே, அந்தப் படம் எங்கே?" என்று கேட்டார். பெட்டியின் அடியில் இருந்த அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, செயலாளரே அவரை அரசு ஆஸ்பத்திரியின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். வைத்தியர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நோக்கினார். 2021 வைகாசியில் எடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே முடிச்சு, அதே 9 மில்லிமீட்டர் அளவில், முழுவதும் சுண்ணாம்பாக இருந்தது. "இது பழைய புண் ஆறிய தழும்பு. போய் நெய்யுங்கள்" என்று அனுப்பிவிட்டார். மறுநாளே விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்ச்சியே இப்பாடத்தை எழுதத் தூண்டியது. ஆயினும் இது பாதிக் கதையே. மறு பாதியில் நம்முடைய பிழை ஒன்று இருக்கிறது. அதனைப் பிற்பகுதியில் கூறுவோம். நாம் வைத்தியர் அல்லோம், கணக்கைச் சரிபார்ப்பவர். எனவே, நோயைத் தீர்மானிக்க இப்பாடம் கற்பிக்காது. வைத்தியர் எதை நோக்குகிறார், ஏன் காத்திருக்கச் சொல்கிறார், எப்பொழுது அவசரப்படுத்துகிறார் என்பதை அங்கத்தினர் விளங்கிக்கொள்வதே இதன் நோக்கம்.

முடிச்சு என்பது யாது?

நுரையீரல் காற்று நிறைந்த உறுப்பு. படத்தில் அது கறுப்பாகத் தெரியும். அதன் நடுவே உருண்டையாக வெளிறித் தோன்றும் சிறு புள்ளியையே வைத்தியர்கள் 'நாடியூல்' என்கின்றனர். முடிச்சு என்று நாம் கூறலாம். 3 சென்டிமீட்டர் வரை உள்ளதற்கே இப்பெயர். அதற்கு மேற்பட்டதைக் கட்டி என்று தனியே வகைப்படுத்துவர். கட்டியைப் புற்று என ஐயுற்றே ஆராய்வர்.

ராண்ட்ஜன் என்பார் 1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அக்கதிர்களால் எடுக்கும் சாதாரண மார்புப் படத்தில் 8 அல்லது 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சுகள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. 1970-களில் புழக்கத்துக்கு வந்த சி.டி. ஸ்கேன், உடலை மெல்லிய சீவல்களாகக் காட்டுவதால், 2 அல்லது 3 மில்லிமீட்டர்ப் புள்ளியையும் விடுவதில்லை. கொரோனா காலத்தில், 2020, 2021-ஆம் ஆண்டுகளில், நம் மக்களிற் பலருக்கு முதன்முறையாக ஸ்கேன் எடுக்கப்பட்டது. நெடுங்காலமாக யாருமறியாமல் கிடந்த முடிச்சுகள் அப்பொழுது வெளிப்பட்டன. ஆதலின், முடிச்சு இன்று தெரிந்தது என்பதால் இன்று தோன்றியது என்று கொள்ளலாகாது.

இத்தகைய முடிச்சுகளிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. அமெரிக்காவில் 53,454 பேரைக் கொண்டு நடத்தி 2011-இல் முடிவு வெளியிட்ட பேராய்வு ஒன்று இதற்குச் சான்று. அவர்கள் அனைவரும் பல்லாண்டு புகைபிடித்தவர்கள். அவர்களிற் பாதிப்பேருக்கு ஆண்டுக்கொரு முறையாக மூன்று முறை ஸ்கேன் எடுத்தபோது, சுமார் நாலில் ஒரு ஸ்கேன் ஐயத்துக்குரியதாக இருந்தது. ஆனால் அவ்வாறு ஐயுற்றவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புற்று அல்ல என்று முடிந்தன. அதே ஆய்வில், ஸ்கேன் எடுக்கப்பட்டவரிடையே நுரையீரல் புற்றால் இறப்போர் தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெரும்பாலானவை தீங்கற்றவை என்பது மெய். எஞ்சிய சிலவற்றை முன்னரே பிடித்தால் உயிர் காக்கலாம் என்பதும் மெய். இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வதே இப்பாடத்தின் சாரம்.

நம் நாட்டில் இது எவ்வாறு உண்டாகிறது?

நம் நாட்டில் முதற் காரணமாக ஆராயத் தக்கது காசநோய். இந்நோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச்சு 24-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். கிருமி நுரையீரலுட் புகுந்ததும் உடல் அதனைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறைப்படுத்துகிறது. பலருக்கு நோயே தோன்றாமல் அத்துடன் முடிந்துவிடும். காலப்போக்கில் அச்சுவரிற் சுண்ணாம்பு படிந்து, கல் போன்ற தழும்பாகிறது. நம் நெசவாளர் நெஞ்சில் இருந்தது இதுவே.

காசநோயைக் குறித்துத் தமிழ்நாடு உலகுக்குக் கற்பித்த பாடம் ஒன்றும் உண்டு. 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் (நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டு அன்று) காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. அங்கு 193 ஏழை நோயாளிகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தனர். 1959-இல் வெளியான முடிவு யாதெனில், வீட்டிலிருந்து மருந்துண்டவரும் ஏறக்குறைய மற்றவர்க்கு நிகராகவே குணமடைந்தனர். அவர்களால் வீட்டார்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. முடிச்சு உயிருள்ள காசநோயால் ஆனது என்று தெரிந்தாலும் தறியையும் நிலத்தையும் விட்டு ஓடவேண்டியதில்லை என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

வேறு காரணங்களும் உள. ஆறிய சளிக்காய்ச்சலின் வடு, நுரையீரலுள் இருக்கும் சிறு நெறிக்கட்டி, குருத்தெலும்பும் கொழுப்பும் கலந்து வளரும் தீங்கற்ற கழலை ஆகியவை அவற்றுட் சில. நாயோடும் ஆட்டோடும் பழகுவோருக்கு நாடாப்புழு வகை ஒன்றால் நீர்ப்பை உண்டாவதுண்டு. கல்லுடைக்கும் தொழிலாளருக்கு மணற்கல் தூசியால் இரு நுரையீரலிலும் பல முடிச்சுகள் தோன்றும். தறிக் கூடத்துப் பஞ்சுத் தூசியைப் பற்றிப் பல நெசவாளர் அஞ்சுகின்றனர். அத்தூசி மூச்சுக் குழலைச் சுருக்கி மார்பிறுக்கம் தரக்கூடும். ஆனால் முடிச்சை உண்டாக்குவது அதன் இயல்பன்று.

இறுதியாக, புற்று. நுரையீரலிலேயே தோன்றிய புற்றாகவோ, வேறோர் உறுப்பிலிருந்து பரவி வந்ததாகவோ அது இருக்கலாம்.

எடைபோடும் ஐந்து வழிகள்

வைத்தியர் எந்த ஓர் அடையாளத்தையும் தனியே நம்புவதில்லை. ஐந்தையும் சேர்த்தே எடைபோடுகிறார்.

முதலாவது, பருமன். 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சு புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பருமன் ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறது. 2 சென்டிமீட்டரைக் கடந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை புற்றாக முடிந்ததை மேல்நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டாவது, விளிம்பு. வழவழப்பாக, வட்டமாக இருப்பது பெரும்பாலும் நல்லது. நாற்புறமும் முள் முள்ளாகக் கதிர் விட்டாற்போல விளிம்பு இருப்பின் ஐயம் வலுக்கும். ஆனால் வழவழப்பான விளிம்பு மட்டுமே நற்சான்று ஆகாது. பிற உறுப்பிலிருந்து பரவிய புற்றும் வழவழப்பாக இருப்பதுண்டு.

மூன்றாவது, உட்பொருள். முடிச்சு முழுவதும் சுண்ணாம்பாகவோ, நட்டநடுவில் மட்டும் சுண்ணாம்பாகவோ, வெங்காயத்தை அறுத்தாற்போல வளையம் வளையமாகவோ, சோளப்பொரி வடிவிலோ இருந்தால் அது தீங்கற்றது என்பதற்கு வலுவான அடையாளம். உள்ளே கொழுப்புத் தெரிந்தாலும் அப்படியே. ஆனால் சுண்ணாம்பு ஒரு பக்கமாக ஒதுங்கியோ, தூவினாற்போலச் சிதறியோ இருந்தால் நிம்மதி கொள்ளலாகாது. 'சுண்ணாம்பு உள்ளது' என்ற சொல்லைப் படித்து நிறுத்திவிடாமல், எவ்வாறு உள்ளது என்று கேட்கவேண்டும். வேறொரு வகை முடிச்சு, திண்மையாக இல்லாமல் ஆவி படிந்த கண்ணாடி போல மங்கலாகத் தெரியும். பல வேளைகளில் அது தானே மறையும். மறையாமல் நின்றால், மிக மெல்ல வளரும் புற்றாக இருக்கக்கூடுமாதலால், அதனை நீண்ட காலம் கவனிப்பர்.

நான்காவது, வளர்ச்சி. ஐந்தனுள் தலையாயது இதுவே. ஆகவே சற்று விரித்துக் கூறுவோம்.

ஒரு சங்கத்தின் இவ்வாண்டு இருப்புநிலைக் குறிப்பை மட்டும் கையிற் கொடுத்து, 'இச்சங்கம் நலிகிறதா, தழைக்கிறதா?' என்று கேட்டால் எந்த ஆய்வாளராலும் விடை கூற இயலாது. சென்ற ஆண்டுக் குறிப்பையும் கொடுத்தால் ஒரு நாழிகையில் கூறிவிடலாம். ஸ்கேன் படமும் இத்தகையதே. திண்மையான முடிச்சு ஒன்று இரண்டு ஆண்டுகள் சிறிதும் வளராதிருந்தால் அதனைத் தீங்கற்றது என்று பெரும்பாலும் முடிவு செய்வர். மங்கலான கண்ணாடி வகைக்கு ஐந்து ஆண்டுகள் வேண்டும்.

வளர்ச்சியைக் கணக்கிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. அறிக்கையில் எழுதுவது குறுக்களவு, வளர்வதோ உருண்டை. 8 மில்லிமீட்டர் முடிச்சு 10 மில்லிமீட்டர் ஆனால், 'இரண்டு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். ஆனால் 8-ஐ மும்முறை பெருக்க 512. 10-ஐ மும்முறை பெருக்க 1,000. அதாவது உருண்டை ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. திண்மையான புற்றுகள் பெரும்பாலும் 20 நாட்களுக்கும் 400 நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்வாறு இரட்டிக்கின்றன. அதனினும் விரைவாக வீங்குவது பெரும்பாலும் தொற்றுநோய். அதனினும் மிக மெதுவாக நகர்வது பெரும்பாலும் தீங்கற்றது. அதே வேளையில், 5 மில்லிமீட்டர் என்றிருந்தது 6 என்று வந்தால் உடனே கலங்கவும் வேண்டா. அளப்பவர் கையாலும் சீவலின் கனத்தாலும் அவ்வளவு வேறுபாடு நேர்வது இயல்பு.

பழைய படத்தை ஒப்பிடுகையில் ஓர் எச்சரிக்கை. பழைய எக்ஸ்ரே படத்தில் முடிச்சு தெரியவில்லை என்றால் அது புதிதாகத் தோன்றியது என்று பொருளல்ல. சிறியதாயின் எக்ஸ்ரேயில் தெரிந்திராது. பழைய படத்தில் அதே அளவில் தெரிந்தால் மட்டுமே அது நமக்குச் சாதகமான சான்று.

சிறு கட்டி என்று எதனையும் பருமனை மட்டும் நோக்கிப் புறக்கணிக்கலாகாது என்பதற்குத் திருவண்ணாமலையிலேயே அனைவரும் அறிந்த வரலாறு உண்டு. பகவான் ரமண மகரிஷியின் இடது முழங்கையருகே தோன்றிய சிறு கட்டி 1949 பிப்ரவரியில் அகற்றப்பட்டது. சின்னாட்களில் அது மீண்டும் தலைகாட்டியது. மேலும் அறுவைகள் நடந்தன. தசைப் புற்று என்று தெரிந்தது. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் அவர் மகாசமாதி அடைந்தார். அது நுரையீரலைச் சார்ந்ததன்று. புற்றின் வகையும் வேறு. ஆயினும், கட்டியின் குணத்தை அதன் சிறுமை சொல்லாது, வளர்ச்சியே சொல்லும் என்ற உண்மை எந்த உறுப்புக்கும் பொருந்தும்.

ஐந்தாவது, ஆள். ஒரே 9 மில்லிமீட்டர் முடிச்சு, புகைபிடிக்காத முப்பது வயதினருக்கு ஒரு பொருளும், முப்பது ஆண்டு பீடி குடித்த அறுபது வயதினருக்கு வேறு பொருளும் தரும். வயது, பீடி, சிகரெட்டு, முன்னர் எந்த உறுப்பிலேனும் புற்று வந்தமை, குடும்பத்தில் நுரையீரல் புற்று, கல்நார்த் தூசியில் உழைத்தமை ஆகிய யாவும் ஐயத்தை மிகுவிக்கும். புகையே பிடிக்காத பெண்டிருக்கும் இந்நோய் வருகிறது. விறகடுப்புப் புகை அதற்கு ஒரு காரணம். ஆகவே, 'நான் பீடி தொட்டதே இல்லை' என்பது முற்றான பாதுகாப்பாகாது.

மேல்நாட்டு நூல்கள், முடிச்சு நுரையீரலின் மேற்பகுதியில் இருப்பின் ஐயம் மிகும் என்று கூறுகின்றன. நம் நாட்டில் காசநோயும் மேற்பகுதியையே விரும்புவதால், இவ்வடையாளம் இங்கு அவ்வளவு பயன்படாது.

காத்திருத்தலும் ஒரு சோதனையே

'மூன்று மாதம் கழித்து வாருங்கள்' என்று வைத்தியர் சொன்னால், நம்மவர் சிலர் 'ஒன்றுமில்லை போலும்' என்று மகிழ்கின்றனர். சிலர் 'கைவிட்டுவிட்டார்' என்று கலங்குகின்றனர். இரண்டும் தவறு. அந்த மூன்று மாதமே சோதனை.

பிளைஷ்னர் சங்கம் என்ற சர்வதேச வைத்தியர் அமைப்பு 2017-இல் வகுத்த முறை பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. முப்பத்தைந்து வயது நிரம்பி, முன்னர்ப் புற்று இல்லாது, நோய் எதிர்ப்பாற்றல் குன்றாதவர்க்கே அது பொருந்தும். திண்மையான ஒற்றை முடிச்சுக்கு அது கூறுவது சுருக்கமாக வருமாறு:

6 மில்லிமீட்டருக்குக் குறைவு: ஆபத்துக் காரணங்கள் இல்லாதவர்க்கு மறு ஸ்கேன் வேண்டியதில்லை. இருப்பவர்க்கு, வைத்தியர் விரும்பினால் 12 மாதங்களில் ஒன்று.

6 முதல் 8 மில்லிமீட்டர்: 6 முதல் 12 மாதங்களுக்குள் ஒன்று, பின்னர் 18 முதல் 24 மாதங்களுக்குள் மற்றொன்று.

8 மில்லிமீட்டருக்கு மேல்: 3 மாதத்தில் மறு ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது ஊசியாலோ குழாயாலோ சதை எடுத்துச் சோதித்தல்.

மேலே கூறியவாறு சுண்ணாம்பு நிறைந்து தீங்கற்றது எனத் தெளிந்த முடிச்சுக்கு இம்முறை தேவைப்படாது.

பெட் ஸ்கேன் குறித்து நம் நாட்டார் ஒன்று அறியவேண்டும். சர்க்கரையை மிகுதியாக உண்ணும் திசுவை அது ஒளிரச் செய்து காட்டுகிறது. புற்று ஒளிரும், உயிருள்ள காசநோயும் ஒளிரும். ஆதலின் ஒளிர்ந்தது என்பதாலேயே புற்று என்று முடிவு கட்ட இயலாது. மிகச் சிறிய முடிச்சு புற்றாயினும் ஒளிராமல் ஏமாற்றக்கூடும். இறுதித் தீர்ப்பு சதைச் சோதனைக்கே உரியது.

இதற்கு நேர்மாறான பிழையும் நம் நாட்டில் நிகழ்கிறது. நிழலைக் கண்டதும் சளிச் சோதனை, சதைச் சோதனை எதுவுமின்றி, அனுமானமாகக் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவதால், புற்றுநோயாளர் சிலர் பல மாதங்களை இழக்கின்றனர். மருந்து தொடங்குமுன், 'கிருமி கண்டறியப்பட்டதா?' என்று பணிவுடன் கேட்பது அங்கத்தினரின் உரிமை. மருந்துண்டும் நிழல் பெருகினால் உடனே மறு சோதனை கோரவேண்டும்.

சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், பசியின்மை, நீங்காத குரற்கம்மல் ஆகியவை உள்ளவர் எந்த அட்டவணைக்கும் காத்திராமல் வைத்தியரை அணுகவேண்டும்.

நாம் செய்த பிழை

இனி, முன்னர்க் கூறுவதாகச் சொன்ன மறு பாதி. அதே 2023-ஆம் ஆண்டு ஐப்பசியில், செங்கம் பக்கத்து வேளாண் கடன் சங்கம் ஒன்றில், நிலக்கடலை பயிரிடும் ஓர் அங்கத்தினர் தம் ஸ்கேன் அறிக்கையை நம்மிடம் காட்டினார். வயது அறுபத்து மூன்று. முப்பது ஆண்டுக்கு மேல் பீடி குடித்தவர். முடிச்சு 12 மில்லிமீட்டர், விளிம்பு கதிர் விட்டாற்போல் உள்ளது, சுண்ணாம்பு இல்லை, மூன்று மாதத்தில் கட்டாயம் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. நாமோ ஆரணி நெசவாளர் கதையை மனத்திற் கொண்டு, 'அஞ்சவேண்டா. இதைப்போல் ஒன்றை அண்மையில் பார்த்தோம். ஒன்றுமில்லை என்று ஆயிற்று' என்று ஆறுதல் கூறி அனுப்பினோம்.

மேலே சொன்ன ஐந்து வழிகளையும் வரிசையாக வைத்து இவ்விரு அறிக்கைகளையும் அங்கத்தினர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பருமன், விளிம்பு, உட்பொருள், ஆள் என்னும் நான்கிலும் இது முன்னதற்கு நேர் எதிரானது. வளர்ச்சியை அறியப் பழைய படமும் இல்லை. நமக்கு அன்று இவ்வறிவு இல்லை; இல்லாதபோதும் பேசினோம்.

தை மாதம் அவர் போகவில்லை. மார்கழிப் பட்டத்துக் கடலை நிலத்தில் இருந்தது. பங்குனியில் பறிப்பு, ஆடியில் மீண்டும் விதைப்பு. 2024 மார்கழியில் இருமலில் இரத்தம் கண்ட பிறகே சென்றார். பதினான்கு மாதங்களில் 12 மில்லிமீட்டர் 31 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், உருண்டை பதினேழு மடங்கு. முதலிலேயே சென்றிருந்தால் அறுவையால் அகற்றியிருக்கலாம் என்றனர்; இப்பொழுது மருந்தாலும் கதிராலும் சிகிச்சை நடைபெறுகிறது. நாம் சென்று பார்த்து வருந்தியபோது, "ஐயா, தாங்கள் சொன்னதால் மட்டும் அன்று, கடலை வேலையும் சேர்ந்துகொண்டது" என்றார். அது அவர் பெருந்தன்மை. நம் சொல்லின் பங்கு நமக்குத் தெரியும்.

ஒருவருடைய முடிச்சைக் கொண்டு மற்றொருவருடைய முடிச்சுக்குத் தீர்ப்புச் சொல்லலாகாது. நெசவாளரை அச்சுறுத்திய அண்டை வீட்டாரும், விவசாயிக்கு ஆறுதல் கூறிய நாமும் செய்தது ஒரே பிழையே.

சங்கங்கள் செய்யத் தக்கவை

1. ஒவ்வோர் அங்கத்தினர் குடும்பமும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் குறுந்தகடுகளையும் தேதி குறித்து ஓர் உறையில் பத்திரப்படுத்த வேண்டும். நிலப் பத்திரத்தைக் காப்பதுபோல் காக்கவேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும் உடன் கொண்டுபோக வேண்டும்.

2. அறிக்கையை இறுதிவரி வரை வைத்தியரைக் கொண்டு படித்துக் கேட்கவேண்டும். ஆரணி நெசவாளரின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையின் கடைசி வரியில் அம்முடிச்சு எழுதப்பட்டே இருந்தது. அவருக்கு எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

3. கடன் தவணைக்குச் சங்கம் அறிவிப்பு அனுப்புகிறது. அங்கத்தினர் இசைந்தால், மறு ஸ்கேன் நாளையும் செயலாளர் குறித்து வைத்து ஒரு வாரம் முன்னதாக நினைவூட்டலாம். நாளை மட்டும் குறித்தால் போதும். நோயின் பெயர் ஏட்டில் ஏறவேண்டியதில்லை. விதைப்புக்கும் பறிப்புக்கும் இடைப்பட்ட நாளாகப் பார்த்துக் கேட்டுப் பெற்றால் தவறாமல் போகமுடியும்.

4. இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்கு அரசு ஆஸ்பத்திரியில் சளிச் சோதனை இலவசம். காசநோய் மருந்தும் இலவசம். நோயாளியின் ஊட்டச் சத்துக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளிக்கப்பட்டது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆகியுள்ளது. பெரிய சிகிச்சை வேண்டுவோர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உண்டா என்று முதலில் பார்க்கவேண்டும். நகையை அடகு வைப்பது அதற்குப் பின்னரே.

5. சங்கக் கட்டிடத்திலும் தறிக் கூடத்திலும் பீடியைத் தவிர்க்கத் தீர்மானம் நிறைவேற்றலாம். பீடியை விட்டவருக்கு ஆண்டுதோறும் ஆபத்து குறைகிறது.

ஆரணி அங்கத்தினரின் மூத்த பெண்ணுக்குச் சென்ற தை மாதம் விவாகம் நடந்தது. கூறைப் புடவை அவர் தறியில் நெய்தது என்று செயலாளர் எழுதியிருந்தார். செங்கம் அங்கத்தினர் சிகிச்சையின் இடையே, தம் இரு புதல்வரையும் பீடியை விடும்படி செய்திருக்கிறார். இப்பாடத்தைத் தம் சங்கத்தில் உரக்கப் படிக்கும்படி கேட்டுக்கொண்டவரும் அவரே.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. முடிச்சுக்கும் கட்டிக்கும் பருமனில் உள்ள எல்லை யாது?

2. எவ்வகைச் சுண்ணாம்பு நற்சான்று? எவ்வகை நற்சான்று ஆகாது?

3. 10 மில்லிமீட்டர் முடிச்சு 20 மில்லிமீட்டர் ஆனால் உருண்டை எத்தனை மடங்கு பெருகும்? கணக்கிட்டுக் காட்டுக.

4. பழைய எக்ஸ்ரேயில் முடிச்சு தெரியாமையால் அது புதியது என்று கொள்ளலாமா? காரணம் கூறுக.

5. பெட் ஸ்கேனில் ஒளிர்ந்த முடிச்சை நம் நாட்டில் உடனே புற்று என்று ஏன் முடிவு செய்ய இயலாது?

6. உங்கள் வீட்டில் பழைய படங்கள் எங்கே உள்ளன? அடுத்த கூட்டத்துக்கு வருமுன் தேடி, ஓர் உறையில் இட்டு, தேதி எழுதி வைக்க.